டாலண்ட் டெலஸ்கோப்பைப் பிரித்துப் பூட்டியது

மூடி வைத்தால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல். மூன்று பித்தளைக் குழல்களையும் இழுத்து நீட்டினால் முக்கால் மீட்டர். வெளிக்கூடு மகாகனி மரம். முன்பக்கம் 41 மில்லிமீட்டர் விட்டமுள்ள லென்ஸ். கண் வைக்கிற பக்கம் தூசி போகாமல் தள்ளி மூடுகிற சின்னத் தகடு. கண்ணருகே இருக்கிற குழலில், சாய்ந்த எழுத்தில், டாலண்ட், லண்டன் என்று வெட்டியிருக்கிறது. லண்டனில் பேர்போன பழைய டெலஸ்கோப் பட்டறையின் பெயர் அது.

என் மாமனாரின் அப்பா மும்பைத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். தாருகானாவில் கப்பல் உடைத்த சாமான் விற்கிற கடையில் அவர் இதை வாங்கியதாக வீட்டில் பேச்சு. அப்புறம் சயான் வீட்டுப் பரணில் பல காலம் கிடந்திருக்கிறது. என் கைக்கு வந்தபோது இருந்த நிலை இதுதான்: கண்ணருகே இருக்கிற சின்னக் குழல் வெளியே வரவில்லை. அதைத் தாங்கும் நடுக்குழலில் ஒரு ஒடுக்கு. மரத்தில் நீளவாக்கில் விரிசல். லென்ஸுக்குள் பூசணம். முன் லென்ஸ் வழியாக உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் வெறும் வெளுப்பு.

பெயரைச் சொன்னதுமே, பழம்பொருள் வாங்கி விற்கிற நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததில் நியாயம் உண்டு. மும்பையின் பழம்பொருள் சந்தையான சோர் பஜாரில், மட்டன் தெருவில் ஒரு நடை போய்வந்தால் தெரியும். கடைக்குக் கடை பித்தளை டெலஸ்கோப். எல்லாம் பழசு, எல்லாம் லண்டன். இவற்றில் பெரும்பாலானவை ரூர்க்கியிலும் மொராதாபாதிலும் செய்து வருபவை. ரூர்க்கி நில அளவைக் கருவிகளுக்குப் பேர்போன ஊர். மொராதாபாத் பித்தளைக்கென்றே இருக்கிற ஊர். மேசையில் வைக்க அழகான பொருள்கள்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருநூறு வருஷத்துப் பழசு என்று விலை சொல்லும்போதுதான் வம்பு.

ஆண்டு பெரிதாக வெட்டியிருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். பழைய பட்டறைகள் கடைப் பெயரும் ஊரும் போட்டதோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். மட்டன் தெருவில் அடிக்கடி கண்ணில் படுவது 'கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917'. அந்தப் பெயரில் கம்பெனி அமைந்ததே 1947இல். இதைக் கடைக்காரரிடம் சொன்னால் அவர் கோபப்பட மாட்டார், விலையைப் பாதியாகக் குறைப்பார். அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

அடுத்து எழுத்து. கையால் உளி பிடித்து வெட்டிய எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். பள்ளத்தின் அடி கூராக இருக்கும். ஆசிட்டிலோ மெஷினிலோ எடுத்த எழுத்து எங்கும் ஒரே ஆழம், அடி தட்டை. எங்கள் குழலில் முதல் எழுத்தின் வளைவில் உளி ஒரு மயிரிழை வழுக்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

மீதியைத் தந்தது கண்ணாடி. இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். இருட்டறையில் ஒரு பல்பைப் போட்டு, முன் லென்ஸைச் சாய்த்துப் பிடித்து, அதில் எத்தனை பல்பு தெரிகிறது என்று எண்ண வேண்டும். ஒற்றைக் கண்ணாடி என்றால் இரண்டு பிம்பம், முன்முகத்துக்கு ஒன்று பின்முகத்துக்கு ஒன்று. இரண்டு கண்ணாடிகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் மூன்று, அதிலும் ஒன்று மங்கலாக இருக்கும். ஒட்டாமல் அடுக்கியிருந்தால் நான்கு. அலங்கார டெலஸ்கோப்புகளில் நான் எண்ணிப் பார்த்தவரை இரண்டைத் தாண்டவில்லை. இதில் நான்கு. அதோடு நடுவில், இரண்டு கண்ணாடியும் கிட்டத்தட்டத் தொடுகிற இடத்தில், வானவில் நிறத்தில் வளையம் வளையமாக நியூட்டன் வளையங்கள். ஆக, இது ஒட்டாத இரட்டை லென்ஸ். கனடா பால்சம் என்ற மரப்பிசின் போட்டு ஒட்டுகிற பழக்கம் பரவுவதற்கு முந்தைய பாணி. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதி என்று நான் கணிப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இந்த இரண்டு கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கே இருக்கிறது. ஒற்றை லென்ஸ் வெள்ளை ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துவிடும்; நிலாவைப் பார்த்தால் விளிம்பில் ஊதாவும் சிவப்பும் ஒட்டிக்கொள்ளும். லென்ஸை வைத்து இதைத் தீர்க்க வழியில்லை என்று நியூட்டனே சொல்லிவிட்டதால், பல காலம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஜான் டாலண்ட் 1706இல் பிறந்தவர், லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் பட்டு நெசவாளர். மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி பிரான்சிலிருந்து வந்த ஹ்யூகெனாட் வம்சம். தறியில் உட்கார்ந்த நேரம் போக மீதி நேரத்தில் கணிதமும் ஒளியியலும் படித்தவர். மகன் பீட்டர் 1750இல் கண்ணாடிக் கருவிக் கடை போட, இரண்டு வருஷம் கழித்து அப்பாவும் தறியை விட்டுவிட்டு மகனோடு சேர்ந்துகொண்டார். சாதாரண கிரௌன் கண்ணாடியில் குவிலென்ஸ், ஈயம் கலந்த ஃபிளின்ட் கண்ணாடியில் குழிலென்ஸ், இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒன்று பிரித்த நிறத்தை இன்னொன்று திரும்பக் கூட்டிவிடும். 1758இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதே வருஷம் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது. 1761இல் இறந்துபோனார்.

ஆனால் இதை முதலில் செய்தவர் அவர் இல்லை. செஸ்டர் மூர் ஹால் என்ற வழக்கறிஞர் 1730களிலேயே அப்படி ஒரு லென்ஸைச் செய்ய வைத்திருந்தார். ரகசியம் வெளியே போகக்கூடாது என்று கிரௌனை ஒரு கடையிலும் ஃபிளின்ட்டை இன்னொரு கடையிலும் தேய்க்கக் கொடுத்தாராம். இரண்டு கடைக்காரர்களும் வேலையை ஜார்ஜ் பாஸ் என்ற ஒரே ஆளிடம் தள்ளிவிட, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துவதைப் பார்த்து பாஸ் விஷயத்தைப் பிடித்துவிட்டார் என்பது கதை. தாராவியில் ஒரு வேலையை இரண்டு இடத்தில் பிரித்துக் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

அப்பா போனபின் பீட்டர் காப்புரிமையைக் கையில் எடுத்துக்கொண்டு மற்றக் கடைக்காரர்கள் மேல் பாய்ந்தார். 1764இல் லண்டன் கண்ணாடிக்காரர்கள் அந்தக் காப்புரிமையை ரத்து செய்யச் சொல்லிக் கூட்டாக மனுப் போட்டார்கள். 1766இல் சாம்ப்னீஸ் என்பவர் மேல் நடந்த வழக்கில் பீட்டர் ஜெயித்தார்: கண்டுபிடித்ததை மேசைக்குள் பூட்டி வைத்தவருக்கு அல்ல, நாலு பேருக்குப் பயன்படும்படி வெளியே கொண்டுவந்தவருக்கே உரிமை என்ற மாதிரி தீர்ப்பு. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். எனக்கு என்னவோ பாஸுக்கு ஒன்றும் கிடைக்கவில்லையே என்றுதான் படுகிறது.

1772இல் காப்புரிமைக் காலம் முடிந்ததும் எல்லாரும் செய்ய ஆரம்பித்தார்கள். பெயர் மட்டும் டாலண்டிடம் தங்கிவிட்டது. எழுத்தை லேசாக மாற்றிப் போலியாக வெட்டி விற்பது அன்றைக்கே லண்டனில் நடந்த வியாபாரம். மட்டன் தெருதான் அதைத் தொடங்கி வைத்தது என்று நினைக்க வேண்டாம். குடும்பத்துக்குள்ளேயே கூட, பீட்டருக்குப் பிறகு கடையை நடத்திய ஜார்ஜ், அவருடைய சகோதரியின் மகன். பிறந்தபோது ஹக்கின்ஸ். கடைக்காக டாலண்ட் ஆனவர், 1852 வரை இருந்தார்.

இந்த ஜார்ஜ் டாலண்ட் நமக்கு அவ்வளவு அந்நியரும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்துக்கு 1830 வாக்கில் வந்து இறங்கிய புதுக் கருவிகள் டாலண்ட் பட்டறையுடையவை. அவற்றை வைத்துத்தான் வானியலாளர் டி.ஜி. டெய்லர் 11,015 நட்சத்திரங்களின் இடத்தை அளந்து 1844இல் அட்டவணை போட்டார். அப்பேர்ப்பட்ட கடை, ஒரு பக்கம் வானாய்வகத்துக்குக் கருவி செய்துகொண்டே, இன்னொரு பக்கம் கப்பல்காரர்களுக்கு இந்த மாதிரிக் கைக்குழல்களை விற்றுத் தள்ளிக்கொண்டிருந்தது.

சரி, வேலைக்கு வருவோம்.

மும்பையில் மரமும் பித்தளையும் சேர்ந்த பொருளை மழைக்காலத்தில் பிரிக்கக்கூடாது. மரம் ஈரம் குடித்து உப்பி, பித்தளை வளையத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஜனவரியில் காற்று காய்ந்த பிறகுதான் கை வைத்தேன். இடுக்கி, பிளையர் எதையும் கிட்டே கொண்டுவரவில்லை. பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி, வளையத்தில் இறுகச் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துத் திருகுவதுதான் முறை. ரப்பர் வழுக்காது, பித்தளையில் பல் பதியாது.

முன் லென்ஸ் உட்கார்ந்திருக்கும் வளையம் அசையவே இல்லை. குழலை லென்ஸ் மேலே பார்க்கும்படி நிறுத்தி, மரை தொடங்குகிற இடுக்கில் ஊசி முனையால் மண்ணெண்ணெய் ஒரு துளி. நிறுத்தும் திசை முக்கியம். மேலிருந்து விட்டால் எண்ணெய் மரை வழியாகக் கீழே இறங்கும், கண்ணாடிப் பக்கம் ஏறாது. ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, காலையில் முடி உலர்த்துகிற டிரையரால் வளையத்தை மட்டும் சூடாக்கி, ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியால் சுற்றிலும் தட்டிக்கொடுத்துத் திருகினேன். முதலில் ஒரு கீச்சு. அப்புறம் பச்சைக் களிம்பு பொடியாக உதிர்ந்தது. அதன்பின் அந்த மரை சுழன்ற விதம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வேண்டும். மயிரளவு நெருக்கமான மரை. லேத்தில் பூட்டிச் சுழலவிட்டு, சீப்பு மாதிரிப் பல் உள்ள உளியைக் கையால் பிடித்து வெட்டிய மரை. இரண்டு சுற்றிலேயே முழுக்கப் பிடித்துக்கொள்கிறது, ஆட்டமே இல்லை.

கையால் வெட்டிய மரை என்பதால் ஒரு வளையம் இன்னொரு இடத்தில் சேராது. அதைச் செய்தவர்களும் அறிந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வளையத்தின் உட்பக்கத்திலும், அது சேர வேண்டிய குழலின் நுனியிலும், ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்று பொட்டு உளியால் குத்தி வைத்திருக்கிறார்கள். குழலை இழுத்தவர் ஒருவர், மரை வெட்டியவர் ஒருவர், கண்ணாடி தேய்த்தவர் ஒருவர், பெயர் வெட்டியவர் இன்னொருவர் என்று வேலை பல கைகள் மாறுகிற தொழில் இது. கடைசியில் பூட்டுகிறவர் தடுமாறக் கூடாது என்று போட்ட குறிதான் இந்தப் புள்ளிகள். வெளியே டாலண்ட் பெயர் இருக்கிறது. உள்ளே இருக்கிற ஆள்களுக்கு இந்தப் புள்ளிகளை விட்டால் வேறு அடையாளம் இல்லை. பூட்டும்போது எனக்குப் பெயரைவிடப் புள்ளிதான் உதவியது.

சின்னக் குழலை வெளியே எடுக்க யோசிக்க வேண்டியிருந்தது. அதன் முன்நுனியில் ஒரு விளிம்பு உண்டு. குழல் கழன்று வந்துவிடாமல் தடுப்பது அதுதான். குழல் மூடிய நிலையில் இருக்கும்போது நடுக்குழல் ஒடுங்கிப்போனதால், அந்த விளிம்பு ஒடுக்கைத் தாண்டிப் பின்னால் வர முடியவில்லை. கண்பக்கமாக இழுக்க இழுக்க இரண்டு குழலும் கெட்டுப்போகும். அதனால் நடுக்குழலை அடுத்த குழலிலிருந்து கழற்றி, கண் லென்ஸையும் அதன் காலரையும் திருகி எடுத்துவிட்டு, சின்னக் குழலை முன்பக்கமாகத் தள்ளினேன். நோகாமல் வந்துவிட்டது. வேறு யாராவது இதே சிக்கலில் இருந்தால், இழுக்காதீர்கள், தள்ளுங்கள்.

ஒடுக்கு எடுக்க வெறும் நடுக்குழலை மட்டும் எடுத்துக்கொண்டு தாராவி போனேன். தொண்ணூறு அடி சாலைக்கு உள்ளே தள்ளி ஒரு லேத் பட்டறை. நடத்துகிறவர் திருநெல்வேலிக்காரர், அறுபதைத் தாண்டியவர். குழலைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார்.

"தகட்டச் சுருட்டிப் பத்த வச்சுல்லா இழுத்திருக்கான். இந்தா, உள்ள கோடு தெரியுது பாருங்க தம்பி."

உண்மைதான். உள்பக்கம் நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடு, பற்றாசு நிறத்தில். வெளியே தடவினால் ஒன்றும் தெரியாது. நான் அதுவரை அதைக் கவனிக்கவே இல்லை.

"பத்த வச்ச இடத்துல அடிச்சா வாய் பொளந்திரும். ஒடுக்கு அதுக்கு எதிர்ப்பக்கம் இருக்கு, தப்பிச்சிய."

அவர் சுத்தியலைத் தொடவே இல்லை. சீசம் கட்டையை லேத்தில் பூட்டி, குழலின் உள்விட்டத்துக்கு ஒரு தாள் கனம் குறைவாகக் கடைந்து, நுனியைக் கூம்பாக்கி, மெழுகு தேய்த்தார். அதைக் குழலுக்குள் மெதுவாகச் செலுத்திவிட்டு, வெளியிலிருந்து வழவழப்பான எஃகுத் துண்டால் ஒடுக்கைச் சுற்றி அழுத்தி அழுத்தித் தேய்த்தார். விளிம்பிலிருந்து நடுவுக்கு. உலோகம் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறுவது அவர் கட்டைவிரலுக்குத் தெரிந்தது. தேய்ப்பார், நிறுத்துவார், கட்டைவிரலால் தடவுவார், திரும்பத் தேய்ப்பார். கடைசியில் ஒடுக்கு இருந்த இடத்தில் மங்கலாக ஒரு நிழல் மட்டும் மிஞ்சியது. சின்னக் குழல் தடங்கலில்லாமல் ஓடியது.

"பளபளன்னு பாலிஷ் போட்டுத் தாரேன், அஞ்சு நிமிஷம்."

"வேண்டாம் அண்ணாச்சி, இப்படியே இருக்கட்டும்."

"இப்படியே குடுத்தா எங் கடைப் பேரு கெட்டுப் போவும்லா?"

கடைப் பெயர் எங்கும் போடவில்லை என்று சமாதானம் சொல்லி வாங்கி வந்தேன். அவருக்குத் திருப்தி இல்லை.

இந்த மாதிரி வேலைக்கு நம் பக்கத்தில் ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. வில்லியம் லாம்டன் தென்னிந்தியாவை அளந்துகொண்டு வந்தபோது, லண்டனில் கேரி என்பவர் செய்த, அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற நில அளவைக் கருவியை 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்ற, கயிறு விட்டுப்போய்க் கருவி மோதி, கோணம் அளக்கிற வட்டம் வளைந்துவிட்டது. லண்டனுக்கு அனுப்பி வாங்குகிற காரியமா அது? லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து, ஆறு வாரம் அந்த வட்டத்தை இழுத்து இழுத்துப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார். அந்தக் கருவியோடுதான் அப்புறமும் அளந்தார். அவரும் அடித்து நிமிர்த்தவில்லை என்பதை அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கலாம்.

பாலிஷை நான் மறுத்ததற்கு இரண்டு காரணம். பழைய பித்தளைக் கருவிகளின் பொன்னிறம் பித்தளையின் நிறம் மட்டும் இல்லை; அதன் மேல் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பித்தளையைச் சூடாக்கிப் பூசிய மெல்லிய பூச்சு இருக்கிறது. அந்த அரக்கு இந்தியாவிலிருந்து போனதுதான். பாலிஷ் சக்கரம் பட்டால் பூச்சும் போகும், வெட்டிய எழுத்தின் கூர்மையும் போகும். வீட்டில் புளி போட்டுத் தேய்க்கலாம் என்றார்கள். குத்துவிளக்குக்குப் புளி நல்லதுதான். இதற்கு வேண்டாம்; பூச்சைத் தின்றுவிடும், அங்கங்கே செம்பு நிறமும் காட்டும்.

இரண்டாவது காரணம் அம்மோனியா. கடையில் விற்கிற பித்தளை பாலிஷ்களில் சிலவற்றில் அது இருக்கும். இழுத்துச் செய்த பித்தளைக்குள் இறுக்கம் மிச்சமிருக்கும். அம்மோனியா பட்டால் அது தானாகவே வெடித்து விரிசல் விடும். இதை உலகம் புரிந்துகொண்டதும் இந்தியாவில் நடந்த ஒரு விஷயத்தால்தான். பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைக்க, பித்தளைத் தோட்டாக் கூடுகள் சுடாமலே விரிசல் விட்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாதான் காரணம் என்பது 1921இல் தெளிவானது. அந்த விரிசலுக்கு ஆங்கிலத்தில் வைத்த 'சீசன் கிராக்கிங்' என்ற பெயரிலேயே நம் மழைக்காலம் இருக்கிறது. மென்மையான சோப்புத் தண்ணீர், பருத்தித் துணி, களிம்பு பிடித்த இடத்தில் மூங்கில் குச்சி. குழல்களுக்கு இவ்வளவுதான் செய்தேன்.

இனி கண்ணாடி. முன் லென்ஸை எடுப்பதற்கு முன்னால் இரண்டு கண்ணாடிகளின் ஓரத்திலும் சேர்த்துப் பென்சிலால் ஒரு அம்புக்குறி போடுவது வழக்கம். போடப் போனால், ஏற்கெனவே ஒன்று அங்கே இருந்தது, மங்கலாக, ஒரு ஓரத்திலிருந்து அடுத்ததுக்கு ஓடுகிற கூம்புக் குறி. அதையே வைத்துக்கொண்டேன். கிரௌன் வெளிப்பக்கம், ஃபிளின்ட் உள்பக்கம். ஃபிளின்ட்டுக்குள் குண்டூசித் தலையைவிடச் சிறிய காற்றுக் குமிழ்கள் இரண்டு மூன்று இருக்கின்றன. பயப்பட வேண்டாம், பார்வைக்கு அவை ஒன்றும் செய்யாது. அந்தக் காலத்தில் குமிழில்லாத நல்ல ஃபிளின்ட் கிடைப்பதே குதிரைக்கொம்பு. போதாக்குறைக்கு இங்கிலாந்தில் கண்ணாடிக்கு எடை பார்த்து வரி, 1845 வரை.

பூசணம் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே படர்ந்திருந்தது, வேர் மாதிரிக் கிளைவிட்டு. பிரின்சஸ் தெருவில் மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் வாங்கிச் சம அளவில் கலந்து, பஞ்சில் நனைத்து, கண்ணாடி மேல் சிறிது நேரம் வைத்து எடுத்தேன். கண்ணாடி வளையத்தை விட்டு வெளியே இருக்கும்போது மட்டும்தான் இது. பித்தளையும் அம்மோனியாவும் ஒரே மேசையில் கூட இருக்கக் கூடாது. அப்புறம் காய்ச்சி வடித்த தண்ணீர், கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். பஞ்சை அழுத்தாமல், அதன் எடையிலேயே இழுத்து, ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு. வினிகர், எலுமிச்சை வேண்டவே வேண்டாம். ஃபிளின்ட்டில் ஈயம் இருப்பதால் அமிலம் பட்டால் கறை பிடிக்கும். பூசணம் போய்விட்டது. அது கண்ணாடியை அரித்த தடம் ஓரத்தில் கொஞ்சம் நிற்கிறது, அது போகாது.

உள்ளே இன்னும் நான்கு சின்ன லென்ஸ்கள் உண்டு. கண்பக்கம் இரண்டு; சின்னக் குழலின் முன்நுனியில், தலைகீழ்ப் பிம்பத்தை நிமிர்த்துவதற்கு இரண்டு. நான்கும் ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. ஒவ்வொன்றையும் எடுக்கும்போதே எந்தப் பக்கம் எங்கே பார்த்தது என்று தாளில் படம் போட்டுவிட வேண்டும். போட்ட படத்தைப் பார்த்தபோதுதான் ஒன்று உறுத்தியது. நிமிர்த்துகிற ஜோடியில் இரண்டு மேடுகளும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன; முன்னால் இருப்பதன் மேடு கண்பக்கம் திரும்பி, அடுத்ததன் மேட்டைப் பார்க்க வேண்டும். அந்த லென்ஸின் வளையத்தில் ஸ்குரூ டிரைவர் கீறலும் இருந்தது. முன்பு யாரோ துடைக்க எடுத்தவர் திருப்பி வைத்திருக்கிறார். பூசணத்துக்கு முன்னாலேயே இந்த டெலஸ்கோப் ஓரமெல்லாம் மங்கலாகக் காட்டி, அதனாலேயே பரணுக்குப் போயிருக்கலாம் என்பது என் ஊகம். திருப்பி வைத்ததும் ஓரம் வரை பிம்பம் தெளிந்தது.

மரத்துக்கு அதிக வேலை இல்லை. விரிசலில் மகாகனிச் சீவல் ஒன்றைச் செருகி, வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டினேன். ஃபெவிக்கால் பிடிக்கும், ஆனால் பிரிக்க வராது. வச்சிரம் வெந்நீர் பட்டால் விட்டுக்கொடுக்கும், இன்னும் ஐம்பது வருஷம் கழித்துப் பிரிக்கப் போகிறவருக்கு வசதி. விரிசலை இறுக்கி மூடப் பார்க்கக்கூடாது, வட்டம் கெட்டுப் பித்தளை வளையம் ஏறாது. சைக்கிள் டியூபால் சுற்றிக் காயவிட்டு, தேன்மெழுகு கொஞ்சம் தேய்த்ததோடு சரி.

குழல்கள் தளர்ந்து தொங்கியதற்குக் காரணம் காலருக்குள் இருக்கிற கீறிய பித்தளைச் சுருள். அதன் விரல்களை உள்நோக்கி ஒரு துளி அழுத்திவிட்டால் பிடிப்பு வந்துவிடும். கிரீஸ் போடக்கூடாது. மும்பைத் தூசியும் கிரீஸும் சேர்ந்தால் உப்புத்தாள்தான்.

பூட்டி முடித்ததும் முதலில் உருப்பெருக்கத்தை அளந்தேன். வெளிச்சமான வானத்தைப் பார்க்கத் திருப்பி, கண் லென்ஸுக்குப் பின்னால் தாளைப் பிடித்தால் ஒரு சின்ன ஒளிவட்டம் விழும். முன் லென்ஸின் விட்டத்தை அந்த வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் விடை. வெர்னியர் அளவுகோலில் வட்டம் 1.6 மில்லிமீட்டர், 41ஐ அதால் வகுத்தால் இருபத்தைந்து மடங்குக்குச் சற்று மேல். கையில் பிடித்துப் பார்க்க இது கொஞ்சம் அதிகம், ஆட்டம் தெரியும். கப்பல்காரர்கள் எதிலாவது சாய்த்துத்தான் பிடித்திருப்பார்கள்.

பகல் சோதனைக்குச் சிவ்ரி படகுத்துறை. அலை வற்றிய நேரம், சேற்றில் பூநாரைகள் இன்னும் கிளம்பிப் போகவில்லை. இறக்கையின் ரோஸ், அலகு நுனியின் கறுப்பு, இரண்டுக்கும் நடுவே நிறம் வழியவே இல்லை. கடல் பாலமான அடல் சேதுவின் விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்திருந்த பருந்தின் விளிம்பில் மட்டும் மெல்லிய ஊதாக் கீற்று. இரட்டை லென்ஸும் நிறத்தை முழுக்கத் தீர்ப்பதில்லை, இந்த மிச்சம் இருக்கத்தான் செய்யும். பார்வை வட்டம் குறுகல், இன்றைய பைனாகுலர் பழகிய கண்ணுக்குச் சாவித்துவாரம்தான்.

ராத்திரிக்கு, கர்ஜத் லோக்கலில் ஏறி வாங்கணி. மும்பைக்காரர்கள் நட்சத்திரம் பார்க்கப் போகிற இடம். கேமரா முக்காலியில் மரத்துண்டை வெட்டி மேலே படுக்க வைத்துப் பார்த்தோம். வியாழனின் நிலாக்கள் நான்கும் புள்ளியாக, வரிசையாக. சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டரை, வெறும் கண்ணுக்குத் தெரிகிற அருந்ததியை விட்டுவிட்டு, அவரை மட்டும் பார்த்தால் அவரே இரண்டாகப் பிரிந்து தெரிகிறார். இடைவெளி 14 ஆர்க் செகண்ட், ஒரு ஆர்க் செகண்ட் என்பது டிகிரியில் 3600இல் ஒரு பங்கு. அந்த இருட்டில் மாமனார் கண்ணை எடுக்கவே இல்லை, கொசு கடித்ததைக் கூடச் சொல்லவில்லை.

இப்போது பேச்சு அதை எங்கே வைப்பது என்பதில் நிற்கிறது. அவர் ஹாலில் மேற்கு ஜன்னலுக்கு எதிரே ஸ்டாண்டில் நீட்டி வைக்க ஆசைப்படுகிறார். சாயங்கால வெயில் நேரே விழுகிற இடம். மரமும் வெடிக்கும், மூடி இல்லாமல் யாராவது திருப்பி வைத்துவிட்டால் லென்ஸ் வழியாகத் திரைச்சீலையும் பற்றும். பேரப்பிள்ளைகள் அதில் சூரியனைப் பார்த்துவிட்டால் கண்ணே போய்விடும். வடக்குச் சுவர் அலமாரியில், மூடிய நிலையில், மூடி போட்டு, மழைக்காலத்தில் மட்டும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவுக்குள் என்பது என் கட்சி. கண்பக்கத்தில் தள்ளி மூடுகிற தகடு இன்னும் தளர்வாக இருக்கிறது. அதற்கு மறுபடியும் அண்ணாச்சியிடம் போக வேண்டும். போனால் பாலிஷ் பேச்சு திரும்ப வரும்.